விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறலாமா? பட்டனை அழுத்தும் முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகும் கம்ப்யூட்டர் ஓடும். கணக்கு மென்பொருளான டாலி திறக்கும், பிரவுசர் திறக்கும். நின்றுபோனது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட். ஆகவே இன்று ராத்திரியே முடித்தாக வேண்டிய வேலை இல்லை. ஆனால் இணையத்தோடு இணைந்த ஒரு மெஷினை அப்டேட் இல்லாமல் வருடக்கணக்கில் ஓட்டவும் முடியாது.

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "என் மெஷின் விண்டோஸ் 11-ஐத் தாங்குமா?" என்று முதலில் கேட்கிறார்கள். தாங்கும் என்று தெரிந்த கையோடு பட்டனை அழுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலையில் பிரிண்டரோ, பில் போடும் புரோகிராமோ, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ வேலை செய்வதில்லை. முதலில் கேட்க வேண்டியது, "இந்தக் கம்ப்யூட்டரில் எது ஒரு நாள்கூட நிற்கக் கூடாது?" என்பது. கீழேயுள்ள வரிசை அந்தக் கேள்வியை வைத்து அமைந்தது.

கையில் இருக்க வேண்டியவை: உங்கள் ஃபைல்கள் மொத்தமும் கொள்ளும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், 8 ஜிபிக்குக் குறையாத காலி பென் டிரைவ், திரையைப் படம் பிடிக்க ஒரு போன், ஒரு தாள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ்.

1. இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள்

செட்டிங்ஸ் → சிஸ்டம் → அபவுட் பக்கத்தைத் திறந்து போனில் ஒரு படம் எடுங்கள். பிராசசர் பெயர், ரேம் அளவு, சிஸ்டம் டைப், விண்டோஸ் பதிப்பு எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது சிஸ்டம் டைப். அங்கே 32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று இருந்தால் இருக்கும் ஃபைல், புரோகிராம்களோடு அப்படியே 11-க்கு ஏற முடியாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. பிராசசர் 64-பிட்டாக இருந்தாலும் ஃபார்மட் அடித்துப் புதிதாகத்தான் போட வேண்டும். இது தெரியாமல் பாதி வழியில் மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்து விண்டோஸ் 10-இன் பதிப்பு எண். 22எச்2 இல்லையென்றால் முதலில் அதற்கு வாருங்கள். அதுதான் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் வாங்க நினைத்தாலும் அது இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, லைசென்ஸ். செட்டிங்ஸ் → அப்டேட் அண்ட் செக்யூரிட்டி → ஆக்டிவேஷன் பக்கத்தில் "டிஜிட்டல் லைசென்ஸ்" என்று இருந்தால் நல்லது. முறையான விண்டோஸ் 10-க்கு 11 இலவசம். ஹோம் இருந்தால் ஹோம், புரோ இருந்தால் புரோ கிடைக்கும். வீட்டு மெஷினில் "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், கடையில் போட்டுக்கொடுத்தவர் கிராக் போட்டுக் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த மெஷினுக்கு லைசென்ஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

2. நிற்கக் கூடாதவை எவை?

தாளை எடுத்து இரண்டு பட்டியல் போடுங்கள்: தினமும் திறக்கும் புரோகிராம்கள், கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் சாதனங்கள். நினைவிலிருந்து எழுதாதீர்கள். மேசைக்குக் கீழே குனிந்து ஒவ்வொரு கேபிளும் எங்கே போகிறது என்று பாருங்கள். வருடத்தில் ஒருமுறை மட்டும் பயன்படும் சாதனங்கள்தான் நினைவில் வராது.

பொதுவான ஒரு விதி: 64-பிட் விண்டோஸ் 10-இல் ஓடும் புரோகிராமும் டிரைவரும் (சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) பெரும்பாலும் 11-இலும் ஓடும். இரண்டுக்கும் அடிப்படை நெருக்கமானது. எனவே பட்டியல் முழுவதையும் சோதித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சிக்கல் வரும் இடங்கள் சில உண்டு. அவற்றை மட்டும் பாருங்கள்.

*பழைய 16-பிட், டாஸ் புரோகிராம்கள்.* ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பில் புரோகிராம் இன்னும் பல மளிகைக் கடைகளிலும் ஜவுளிக் கடைகளிலும் ஓடுகிறது. அது 32-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடும், 64-பிட்டில் ஓடாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற, பழைய டாஸ் மெஷின் மாதிரி நடிக்கும் எமுலேட்டரில் ஓட்ட வழியிருக்கிறது. ஆனால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு பில் சரியாகப் போகிறதா என்பதை வேறொரு 64-பிட் மெஷினில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க வேண்டும். திரையில் ஓடுவது பாதி வேலைதான். காகிதத்தில் வரி தள்ளாமல் வர வேண்டும்.

*டாங்கிள்களும் கையெழுத்து டோக்கன்களும்.* டாங்கிள் என்பது சில மென்பொருள்கள் ஓடச் செருகியிருக்க வேண்டிய யுஎஸ்பி சாவி. டாங்கிள், டோக்கன் இரண்டின் பழைய டிரைவர்களும், ஒத்துவராத டிரைவர்களைத் தடுக்கும் விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்போடு மோதக்கூடும். இதை இப்போதே, விண்டோஸ் 10-இலேயே சோதிக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டி → டிவைஸ் செக்யூரிட்டி → கோர் ஐசொலேஷன் பக்கத்துக்குப் போய் மெமரி இன்டெக்ரிட்டியை ஆன் செய்து பாருங்கள். ஒத்துவராத டிரைவர் இருந்தால் அது ஆன் ஆகாமல், எந்த டிரைவர் தடுக்கிறது என்று பட்டியல் காட்டும். பட்டியலில் உங்கள் டாங்கிள் இருந்தால் புதிய டிரைவரைத் தயாரிப்பாளரிடம் வாங்கிக்கொண்டு பிறகு மேலே போங்கள்.

*பழைய பிரிண்டர், ஸ்கேனர்.* கேனான் எல்பிபி 2900 மாதிரி பல வருடம் உழைக்கும் லேசர் பிரிண்டர்கள் ஊரெல்லாம் உண்டு. இப்போது ஓடுவது 64-பிட் டிரைவரா என்று பாருங்கள். ஆம் என்றால் கவலை குறைவு. டிரைவர் ஃபைலைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி எக்ஸ்டர்னல் டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். மேம்படுத்திய பிறகு தேடினால் பிரிண்டர் நிற்கும், வாசலில் வாடிக்கையாளரும் நிற்பார்.

*தமிழ்.* யூனிகோடில் தட்டச்சு செய்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. டிடிபி (அச்சுக்கான பக்க வடிவமைப்பு) செய்பவர்கள் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களையும் அவற்றுக்கான விசைப்பலகை மென்பொருளையும் தனியாகச் சேமிக்க வேண்டும். அப்படியே ஏறினால் எழுத்துருக்கள் தங்கும். ஃபார்மட் அடித்தால் போய்விடும். எழுத்துரு இல்லாத மெஷினில் பழைய பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தால் கல்யாணப் பத்திரிகை முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகக் கிடக்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பதறி மேலேயே சேவ் செய்துவிடாதீர்கள். எழுத்துருவைப் போட்டால் சரியாகிவிடும்.

3. மெஷின் தகுதியானதா?

மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டுங்கள். "தகுதி இல்லை" என்று அது சொன்னால் அங்கேயே நம்பி விட்டுவிடாதீர்கள். எந்தக் காரணத்தால் இல்லை என்பதுதான் முக்கியம். சில காரணங்களை பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ்) ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். ஒன்றை மட்டும் எதுவும் செய்ய முடியாது.

அந்த ஒன்று பிராசசர். இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல். பெயரில் கோட்டுக்குப் பின் வரும் எண்ணைப் பாருங்கள்: ஐ5-8250யு என்றால் 8-ஆம் தலைமுறை, ஐ5-10210யு என்றால் 10-ஆம் தலைமுறை, ஐ5-7200யு தேறாது. ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது: 2200ஜி, 2400ஜி ஆகியவை பெயரளவில் 2000 வரிசையாக இருந்தாலும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை. ஆகவே ஏஎம்டிக்காரர்கள் எண்ணை வைத்து ஊகிக்காமல் பட்டியலையே பாருங்கள்.

டிபிஎம் 2.0 (என்கிரிப்ஷன் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி) இல்லை என்று சொன்னால் பெரும்பாலும் அது அணைந்து கிடக்கிறது என்றே பொருள். 2018 வாக்கில் அசெம்பிள் செய்த எச்310, பி360 போர்டுகளில் பலவற்றில் இது அணைந்த நிலையிலேயே வந்தது. தனியாகச் சிப் வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தகுதியான பிராசசர்களில் இது உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டி → டிவைஸ் செக்யூரிட்டி → செக்யூரிட்டி பிராசசர் விவரத்தில் "ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0" என்று இருந்தால் ஆன் ஆகி இருக்கிறது.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து "பயாஸ் மோட்" வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ (பூட் ஆகும் புதிய முறை) என்றால் சரி. லெகசி (பழைய முறை) என்றால் 6-ஆம் பகுதி உங்களுக்கானது.

ரேம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு. அந்த 4 ஜிபியை நம்பாதீர்கள். குரோமில் நாலு டேப் திறந்து டாலியையும் திறந்தால் மெஷின் திணறும். 8 ஜிபிக்குக் குறைந்து இதில் இறங்க வேண்டாம். எஸ்எஸ்டி கட்டாயம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லவில்லை, ஆனால் பழைய சுழலும் ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் 11 போடுவது தண்டனை. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தில் எச்டிடி, எஸ்எஸ்டி என்று தெரியும். மெமரி என்ற இடத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்ட்: 1 ஆஃப் 2" என்று இருந்தால் இன்னொரு ரேம் செருக இடம் இருக்கிறது.

4. முடிவெடுப்பது

இப்போது தாளில் மூன்று விவரங்கள் இருக்கின்றன: லைசென்ஸ், நிற்கக் கூடாதவை, மெஷின் தகுதி. முடிவு இவற்றிலிருந்தே வரும்.

எல்லாம் பச்சைக் கொடி காட்டினால் மாறுங்கள். ஸ்டார்ட் மெனு நடுவில் இருப்பது பிடிக்கவில்லை என்பதெல்லாம் காரணமாகாது, அதை இடப்பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். டாஸ்க்பாரைத் திரையின் மேலேயோ பக்கவாட்டிலோ வைத்துப் பழகியவர்களுக்கு மட்டும், 11 வெளிவந்தபோது அதற்கான வழியை எடுத்துவிட்டார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பிராசசர் சரி, ஹார்டு டிஸ்க் பழையது என்றால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள், பழைய விண்டோஸை அதற்குக் குளோன் (அப்படியே நகல்) செய்யுங்கள், ஒரு வாரம் ஓட்டுங்கள், பிறகு ஏறுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் கோளாறு வரும்போது அது டிஸ்கால் வந்ததா விண்டோஸால் வந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது.

மெஷின் தகுதிதான், ஆனால் ஒரு டிரைவரோ புரோகிராமோ இன்னும் தயாராகவில்லை என்றால் நேரம் வாங்குங்கள். வீட்டுப் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அது 2026 அக்டோபர் 13 வரைக்குமானது. சேர மூன்று வழிகள்: விண்டோஸ் பேக்கப்பில் செட்டிங்ஸைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம், 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது ஒருமுறை 30 டாலருக்கு இணையான தொகை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு தெரியும். எந்த வழியில் சேர்ந்தாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். ஒரு லைசென்ஸை 10 மெஷின்கள் வரை பயன்படுத்தலாம். தாமதமாகச் சேர்ந்தாலும் விட்டுப்போன அப்டேட்கள் வந்துவிடும், ஆனால் இறுதித் தேதி தள்ளிப்போகாது. டொமைனில் இணைந்த அலுவலக மெஷின்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது; நிறுவனங்களுக்கு வேறு திட்டம் இருக்கிறது.

பிராசசரே தேறாது என்றால்? சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ வலுக்கட்டாயமாகப் போடும் வழிகள் உண்டு. ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லவில்லை. வருடாந்தரப் பெரிய பதிப்புகளைக் கையால் போட வேண்டியிருக்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது மிகப் பழைய பிராசசர்கள் சில பூட் ஆகாமலே போயின. விளையாட்டுக்கு வைத்திருக்கும் மெஷினில் செய்து பாருங்கள், கணக்கு எழுதும் மெஷினில் வேண்டாம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். "விண்டோஸ் 11 போட்டே தர்றோம்" என்பதை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். அபவுட் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 6-ஆம் தலைமுறை ஐ5-இல் 11 ஓடிக்கொண்டிருந்தால் அது இந்தக் குறுக்கு வழியில் போட்டதுதான்.

தேறாத மெஷினை வீசிவிடவும் வேண்டாம். பிரவுசர், வீடியோ, கடிதம் தட்டுவது இவை மட்டும் போதுமென்றால் லினக்ஸ் மின்ட் 22 அல்லது உபுண்டு 24.04 போடுங்கள், இரண்டுக்கும் 2029 வரை ஆதரவு இருக்கிறது. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றுக்கு இதுதான் நல்ல வழி. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி வைஃபை, ஒலி, தமிழ் விசைப்பலகை வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு நிறுவலாம். டாலி விண்டோஸுக்கானது, அது வேண்டுமென்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

பில் மட்டும் போடும் பழைய 32-பிட் மெஷின் என்றால் மாறாமல் இருப்பதும் ஒரு நல்ல முடிவுதான். இணையக் கேபிளைக் கழற்றிவிடுங்கள், வைஃபையை அணையுங்கள், ஊர் சுற்றிய பென் டிரைவைச் செருகாதீர்கள். இணையம் வேண்டிய வேலைக்கு வேறு மெஷின்.

5. பேக்கப்

மாறுவது என்று முடிவான பிறகு, பயாஸைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அடுத்த பகுதியில் வரும் மாற்றங்களில் ஒன்று டிஸ்கின் அமைப்பையே மாற்றுகிறது என்பதால்தான் இந்த வரிசை.

சி டிரைவில் இருப்பது எல்லாம் போய்விடும் என்று வைத்துக்கொண்டு எடுங்கள். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள் ஆகியவை எல்லோருக்கும் நினைவிருக்கும். மறப்பவை இவை: டாலியின் டேட்டா ஃபோல்டர், அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல், பிரவுசர் புக்மார்க்குகளும் பாஸ்வேர்டுகளும், எழுத்துரு ஃபோல்டர், ஸ்கேனர் தானாகச் சேமிக்கும் ஃபோல்டர்.

டெஸ்க்டாப் ஐகான்களில் மேகச் சின்னம் தெரிந்தால் அந்த ஃபைல் ஒன்டிரைவில் மட்டும் இருக்கிறது. எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு நகலெடுக்கும்போது அது இறங்கி வர இணையம் வேண்டும். வேகமாக நகலெடுத்து முடிந்ததாக நினைத்து, பிறகு பாதி ஃபைல் இல்லாமல் விழிப்பது இதனால்தான்.

எடுத்த பிறகு டிஸ்கை வேறொரு மெஷினில் செருகி நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள்.

அடுத்து, விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் மீட்பு எண். பல புதிய லேப்டாப்கள் உரிமையாளருக்குத் தெரியாமலே டிஸ்கை என்கிரிப்ட் செய்திருக்கும். செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று தேடுங்கள். ஆன் ஆகியிருந்தால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைத்தால் பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்த கதைதான்.

ஃபார்மட் அடிக்கப் போகிறவர்கள் டாலி லைசென்ஸை முதலில் சரண்டர் செய்யுங்கள். இப்படி ஒரு மெஷினோடு பிணைந்த லைசென்ஸ் எதுவாக இருந்தாலும் முன்பே விடுவித்துவிட்டால் பிறகு கஸ்டமர் கேருக்கு அலைய வேண்டியதில்லை.

6. பயாஸ் மாற்றங்கள் (தேவைப்படுபவர்களுக்கு மட்டும்)

பயாஸ் மோட் ஏற்கெனவே யுஇஎஃப்ஐ என்றால் டிபிஎம்-ஐ ஆன் செய்வது மட்டும்தான் வேலை. கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது டெல், எஃப்2, எஃப்10 போன்ற விசைகளில் ஒன்று பயாஸைத் திறக்கும். இன்டெல்லில் டிபிஎம்-இன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். ஏசஸின் இன்டெல் போர்டுகளில் பொதுவாக அட்வான்ஸ்டு → பிசிஎச்-எஃப்டபிள்யூ கான்ஃபிகரேஷன் என்ற இடத்தில் இருக்கும். டிபிஎம்-ஐ கிளியர் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கிளியர் செய்தால் என்கிரிப்ட் ஆன டிஸ்க் அடுத்த பூட்டில் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும்.

லெகசி என்றால் வரிசை மிக முக்கியம். அவசரப்பட்டு பயாஸில் முதலிலேயே யுஇஎஃப்ஐ-க்கு மாற்றிவிட்டால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருப்பதால் "பூட்டபிள் டிவைஸ் இல்லை" என்று கறுப்புத் திரை வரும். விண்டோஸ் போய்விடவில்லை. திரும்ப லெகசிக்கு மாற்றினால் எழுந்துவிடும். இதைத் தெரியாமல் அந்த நிமிடமே ஃபார்மட் அடித்தவர்கள் உண்டு.

சரியான வரிசை இது. டிஸ்க் மேனேஜ்மெண்டில் விண்டோஸ் இருக்கும் டிஸ்கின் பிராப்பர்ட்டீஸ் → வால்யூம்ஸ் பக்கத்தில் எம்பிஆர் தானா என்று உறுதிசெய்யுங்கள். பிட்லாக்கர் இருந்தால் சஸ்பெண்ட் செய்யுங்கள். பிறகு அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் விண்டோஸோடு வரும், எம்பிஆரை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை வேலிடேட், அலோஃபுல்ஓஎஸ் ஸ்விட்சுகளோடு (mbr2gpt /validate /allowFullOS) ஓட்டுங்கள். இது எதையும் மாற்றாது, முடியுமா என்று மட்டும் பார்க்கும். சரியென்றால் வேலிடேட் இடத்தில் கன்வர்ட் போட்டு ஓட்டுங்கள். அதற்குப் பிறகுதான் பயாஸில் சிஎஸ்எம்-ஐ (லெகசி முறையில் பூட் ஆக விடும் வசதி) அணைத்து யுஇஎஃப்ஐ-க்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் எழுந்ததைப் பார்த்த பின் டிபிஎம். அதுவும் சரியென்றால் கடைசியாக செக்யூர் பூட் (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு). ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒருமுறை விண்டோஸ் வரை போய் வாருங்கள். எந்த மாற்றம் கெடுத்தது என்று அப்போதுதான் தெரியும்.

நம்மூர் அசெம்பிள் மெஷின்களில் வேலிடேட் தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: கடையில் ஒரே டிஸ்கை சி, டி, இ, எஃப் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். டி, இ, எஃப் எல்லாம் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் இருக்கும். இந்தக் கருவி அதை ஏற்காது. எஸ்எஸ்டியில் விண்டோஸ் தனியாகவும் பழைய ஹார்டு டிஸ்கில் மற்றவையும் இருந்தால் பிரச்சினை இல்லை, எஸ்எஸ்டியை மட்டும் மாற்றினால் போதும். எல்லாம் ஒரே டிஸ்கில் என்றால் பேக்கப்பை நம்பி ஃபார்மட் அடித்துவிடுவதே நேர்வழி.

சிஎஸ்எம்-ஐ அணைத்ததும் திரையே வரவில்லை என்றால் பழைய கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகியுங்கள். அதைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் சொந்த வீடியோ போர்ட்டில் மானிட்டரைச் செருகிப் பாருங்கள்.

7. எந்த நாளில்?

மேம்படுத்திய பின் பழைய விண்டோஸுக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் இருக்கிறது. அந்த 10 நாளுக்குள் உங்கள் முக்கிய வேலைகள் எல்லாம் ஒருமுறையாவது நடந்து முடிய வேண்டும்.

ஜிஎஸ்டி மாதாந்தரமாகத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் 20-ஆம் தேதி. பலரும் 20 முடிந்த நிம்மதியில் 21 அன்று ஏறுகிறார்கள். அவகாசம் மாத இறுதியோடு தீர்ந்துவிடும். டோக்கன் சிக்கல் அடுத்த மாதம் 10-ஆம் தேதி ராத்திரிதான் தெரியவரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஏறிய அன்றே அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் டிஸ்ம் கட்டளையின் செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ என்ற வசதியில் 60 என்று கொடுத்து (DISM /Online /Set-OSUninstallWindow /Value:60) அவகாசத்தை 60 நாளாக்கிக்கொள்ளலாம். முதல் 10 நாள் கழிந்த பின் இதைச் செய்ய முடியாது.

8. ஏறுவது

சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். வெளியார் ஆன்டிவைரஸ் இருந்தால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டிஸேபிள் செய்தால் போதாது. கீபோர்டு, மவுஸ் தவிர மற்ற யுஎஸ்பி எல்லாவற்றையும், முக்கியமாக பேக்கப் டிஸ்கைக் கழற்றுங்கள். லேப்டாப்பை சார்ஜரில் போடுங்கள்.

முதலில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 11 தரப்படுகிறதா என்று பாருங்கள். தகுதியான மெஷினுக்கும் தரப்படவில்லை என்றால், அந்த மாடலில் தெரிந்த கோளாறு ஒன்றுக்காக மைக்ரோசாஃப்ட் நிறுத்திவைத்திருக்கலாம். அப்படி ஒரு செய்தி தெரிந்தால் காத்திருங்கள். செய்தி எதுவும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் இன்ஸ்டலேஷன் அசிஸ்டெண்ட் கருவியை ஓட்டுங்கள்.

மூன்றாவது வழி, ஐஎஸ்ஓ ஃபைலை (விண்டோஸ் நிறுவல் மொத்தமும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, விண்டோஸ் 10-க்குள்ளேயே திறந்து செட்டப்பை ஓட்டுவது. பென் டிரைவிலிருந்து பூட் செய்தால் ஃபைல்களை வைத்துக்கொள்ளும் வாய்ப்பு கிடைக்காது; அது ஃபார்மட்டுக்கான வழி. செட்டப்பில் "பர்சனல் ஃபைல்ஸும் ஆப்ஸும் வைத்துக்கொள்" என்ற தேர்வு மங்கலாகத் தெரிந்தால் நிறுத்துங்கள். பெரும்பாலும் ஐஎஸ்ஓவின் மொழி பொருந்தவில்லை என்று பொருள். இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ் இறக்கியிருந்தால் இங்கிலீஷ் இன்டர்நேஷனலை இறக்கிப் பாருங்கள்.

எஸ்எஸ்டியில் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பின் ஆகும். ஹார்டு டிஸ்கில் பல மணி நேரம். சதவீதம் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கும், மெஷின் சில முறை தானாக ரீஸ்டார்ட் ஆகும். டிஸ்க் விளக்கு மினுக்கும்வரை பவர் பட்டனைத் தொடாதீர்கள்.

9. ஏறிய பின்

அழகுபடுத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 2-ஆம் பகுதியின் தாளை எடுத்து மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். பிரிண்டரில் டெஸ்ட் பேஜ் எடுத்தால் போதாது, உண்மையான பில் ஒன்று அடியுங்கள். டோக்கனைச் செருகி போர்ட்டலில் சர்டிஃபிகேட் தெரிகிறதா என்று பாருங்கள். ஸ்கேன் செய்யுங்கள். பழைய தமிழ் ஃபைல் ஒன்றைத் திறங்கள்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் விண்டோஸ் அப்டேட் → அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் → ஆப்ஷனல் அப்டேட்ஸில் டிரைவர் இருக்கிறதா பாருங்கள். டிரைவர் தேடித்தரும் இலவச மென்பொருள் எதையும் இறக்காதீர்கள். ஆக்டிவேஷன் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃபார்மட் அடித்தவர்கள் மெமரி இன்டெக்ரிட்டி தானாக ஆன் ஆகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டாங்கிள் ஓடாததற்குக் காரணம் அங்கே இருக்கலாம்.

திரும்ப வேண்டியிருந்தால் செட்டிங்ஸ் → சிஸ்டம் → ரிகவரி → கோ பேக். இதற்கிடையில் புதிதாகப் போட்ட புரோகிராம்கள் போய்விடும், ஃபைல்கள் இருக்கும். இந்த வழி முழுக்க சி டிரைவிலுள்ள விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை நம்பியிருக்கிறது. இடம் அடைக்கிறதே என்று அதை அழித்தால் கோ பேக் மங்கிப்போகும். "கிளீனர்" மென்பொருள்கள் கேட்காமலே அழித்துவிடும், அவகாசம் முடியும்வரை அவற்றை ஓட்டாதீர்கள்.

தாளில் உள்ள எல்லாவற்றுக்கும் டிக் விழுந்து, ஒரு தாக்கலும் முடிந்த பிறகு சிஸ்டம் → ஸ்டோரேஜ் → டெம்பரரி ஃபைல்ஸில் "பழைய விண்டோஸ் நிறுவல்" என்ற பொருளில் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். அதில் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிட்டு அழுத்துங்கள்.